இரண்டு நிமிட ரஞ்சினி

அந்தச் செய்தி வந்தபோது ரஞ்சினி ஒரு மூக்குக்கண்ணாடியில் கடுகளவு ஸ்குரூ ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்தாள். மானிப்பாய்ச் சந்திக்குக் கிட்ட இருக்கிற அந்தக் கண்ணாடிக்கடையில் பதினாறு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. கழன்றதைப் பூட்டுவது, வளைந்ததை நிமிர்த்துவது, வருகிறவரின் முகத்தைப் பார்த்து எந்தச் சட்டம் பொருந்தும் என்று எடுத்துக் கொடுப்பது. கைபேசி இரண்டு தரம் அதிர்ந்தது. ஒரு கண்ணால் வாசித்தாள். ஸ்குரூ விரலிலிருந்து நழுவி மேசைக்குக் கீழே எங்கேயோ உருண்டு போய்விட்டது.

"என்ன பிள்ளை, ஏதும் கூடாத செய்தியோ?" என்று கேட்டார் கண்ணாடிக்குக் காத்துக்கொண்டிருந்த பெரியவர்.

"இல்லை ஐயா. நல்ல செய்தி போலைதான் கிடக்குது. ஆனால் எனக்கு முழுக்க விளங்கேல்லை."

செய்தியை அனுப்பியவன் ஜெயதீபன். முப்பத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்தில் குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறவன். 'அக்கா, கொழும்பிலை இருந்து ஒரு கொம்பனி தொடர் எடுக்க வருது. எட்டுப் பாகம். முழுக்க எங்கடை பக்கம்தான் ஷூட்டிங். எங்கடை தமிழ் கதைக்கிற ஆக்கள் வேணுமாம். ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு முன்னம் டெமோ ரீல் அனுப்பவேணும். ரெண்டு நிமிசம், அதுக்கு மேலை பார்க்கமாட்டினமாம். கட்டாயம் அனுப்புங்கோ.'

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

ரஞ்சினிக்கு வயது நாற்பத்தேழு. ஆறு வருடத்துக்கு முன்னர் இதே ஜெயதீபன் ஒரு கதாபாத்திரத்துக்குப் பழைய காலத்துக் கண்ணாடி தேடிக் கடைக்கு வந்திருந்தான். "ஆள் எப்பிடிப்பட்டவர்?" என்று அவள் கேட்டாள். ஓய்வுபெற்ற தபாலதிபர், ஒருவரையும் நம்பமாட்டார் என்றான். ரஞ்சினி ஒரு தடித்த கறுப்புச் சட்டத்தை எடுத்துத் தானே போட்டு, தாடையை நெஞ்சோடு ஒட்டி, கண்ணாடிக்கு மேலால் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஓரடி பின்னுக்குப் போனான். பிறகு, "அக்கா, நீங்கள் நடிப்பீங்களோ..." என்று தொடங்கினான். அவன் சொல்லி முடிக்க முன்னரே அவள் "ஓம்" என்று விட்டாள்.

முதல் படத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் வேடம். 'ஸ்டார்ட்' என்ற சொல் விழுந்ததும் இடது கண்ணிலிருந்து ஒரு துளி இறங்கி, கன்னத்தின் நடுவில் வந்து நின்றது. சுற்றி நின்ற எட்டுப் பேரும் மூச்சுவிடவில்லை. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எவர் படம் எடுத்தாலும், தாய் அழவேண்டும் என்றால் கண்ணாடிக்கடை ரஞ்சினியக்காவுக்குத்தான் அழைப்பு வரும். ஆறு வருடத்தில் பதினொரு படம். சனி ஞாயிறுகளில் வெயிலில் காத்து நின்று, மத்தியானச் சாப்பாட்டுப் பொதியைப் படியில் இருந்து சாப்பிட்டு, ஒரு நாளாவது அவளுக்கு அலுத்ததில்லை.

மத்தியானம் ஜெயதீபனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அதென்ன தம்பி டெமோ ரீல்?"

"நீங்கள் நடிச்சதுகளிலை நல்ல நல்ல துண்டா வெட்டி ஒட்டுறது அக்கா. உங்களை முன்னைப்பின்னை தெரியாத ஆள் ரெண்டு நிமிசம் பார்த்தால் போதும், இவவுக்கு என்னென்ன வரும் எண்டு விளங்கவேணும். கோவம், பயம், பகிடி, கள்ளத்தனம், எல்லாம்."

"பதினொரு படம் கிடக்குதெல்லே? அள்ளி எடுக்கலாம்!"

அன்று அவள் கொண்டுபோன புட்டு அப்படியே கிடந்தது. வாடிக்கையாளர் ஒருவருக்கு வாசிக்கிற கண்ணாடிக்குப் பதிலாக வெயில் கண்ணாடியைச் சுற்றிக் கொடுத்துவிட, அவர் றோட்டைக் கடந்து போய்த் திரும்பி வந்தார்.

படங்களைத் தேடிப் பிடிப்பதே இரண்டு நாள் வேலையாகிவிட்டது. ஜெயதீபனிடம் நான்கு இருந்தன. மூன்று யூடியூப்பில் கிடந்தன. ஒன்றை எடுத்தவன் இப்போது பாரிசில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறான். "அக்கா, நீங்கள் கேட்டு இல்லையெண்டு சொல்லுவனோ" என்று வேலைக்குப் போகிற வழியிலேயே அனுப்பிவிட்டான். இன்னொன்று கொக்குவிலில் ஒரு பழைய மடிக்கணினிக்குள் இருந்தது. அதன் மூடியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தால்தான் திரை தெரியும். அரைமணி நேரம் பிடித்துக்கொண்டு நின்று கொப்பி பண்ணினாள். மற்ற இரண்டும் முடிக்கப்படவேயில்லை. ஆக ஒன்பது.

வெட்டி ஒட்டுவதற்கு பிரசாந்தி இருந்தாள். சண்டிலிப்பாய்ப் பக்கம் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் கலியாண வீடியோ எடிட் பண்ணுகிறவள்; இரண்டு பிள்ளைகளின் தாய்; மூன்று நாள் கலியாணத்தை மூன்று மணித்தியாலமாக்குவதில் கெட்டிக்காரி. அவள் முகத்தில் இருக்கிற வட்டக்கண்ணாடி ரஞ்சினி தெரிந்தெடுத்துக் கொடுத்தது. "உங்களுக்குச் செய்யாமலோ அக்கா? வேலை முடிய வாங்கோ" என்றாள்.

புதன்கிழமை மாலை ரஞ்சினி தன் புருசனையும் கூட்டிக்கொண்டு போனாள். ஏர்னெஸ்ட் வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு மாஸ்டர். அதிகம் கதைக்கமாட்டார். நேரம் பார்ப்பதற்கென்று கழுத்தில் ஸ்டொப்வோச்சை மாட்டிக்கொண்டு வந்து, மூலைக் கதிரையில் இருந்தார்.

பிரசாந்தி ஒன்பது படங்களிலிருந்தும் ரஞ்சினி வருகிற இடங்களை எல்லாம் வரிசையாகப் போட்டு ஓடவிட்டாள்.

ரஞ்சினி வாசற்கதவில் சாய்ந்து நின்று அழுதாள். அடுப்படியில் அரிசி களைந்தபடி அழுதாள். பஸ் ஒன்றின் பின்னால் ஓடி அழுதாள். கிணற்றடியில், வைத்தியசாலை வாங்கில், தென்னைமரத்தின் கீழ், மழையில் நனைந்து. ஆறாவது படத்தில் ஒரு படச்சட்டத்தை நெஞ்சோடு அணைத்து அழுதாள். ஏழாவதிலும் அதே சட்டம்.

"உது நானெல்லே?" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஏர்னெஸ்ட்தான். இருபத்திரண்டு வயதில், மீசை அரும்பியிருக்க, வெள்ளைச் சேட்டோடு எடுத்த அவருடைய படம். ஷூட்டிங்குக்கு ஒரு போட்டோ வேணுமென்று கேட்கிறபோதெல்லாம் ரஞ்சினி வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போனது அது.

"நாலு படத்திலை எனக்கு மாலை போட்டிருக்கு," என்று ஏர்னெஸ்ட் எண்ணிச் சொன்னார். "மூண்டிலை உனக்குப் புருசன். ஒண்டிலை மகன்."

பிரசாந்தி கீபோட்டின் மேல் கவிழ்ந்துவிட்டாள். ரஞ்சினிக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. கீழே மருந்துக்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் வரைக்கும் மூன்று பேரும் சிரித்தார்கள். ஏர்னெஸ்ட் ஸ்டொப்வோச்சைப் பார்த்தார். "மொத்தம் பதினொரு நிமிசம் நாற்பது செக்கன். அதிலை அழாமல் இருக்கிறது பதின்மூண்டு செக்கன்."

"அது என்ன இடம்?" என்று ரஞ்சினி ஆவலோடு கேட்டாள்.

"நீ மயங்கிக் கிடக்கிறாய்."

சிரிப்பு மெல்ல அடங்கியது. திரையில் ரஞ்சினியின் முகம் வாய் கோணி நின்றது. பேசிய வசனங்களைக் கூட்டிப் பார்த்தால் 'ஐயோ', 'என்ரை ராசா', 'போகாதை' என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மனிசியின் ஒரே ஒரு கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வீடே அவ்வளவுதான் என்று எல்லோரும் போய்விட்டது போல அவளுக்கு இருந்தது.

"பிரசாந்தி, உதை அனுப்பேலாது," என்றாள்.

வீட்டுப் படலையடியில் ஸ்கூட்டியிலிருந்து இறங்கியதும் ரஞ்சினி சொன்னாள்: "இஞ்சருங்கோ, பத்தாம் வகுப்பிலை நான் ஏரோது ராசாவா நடிச்சது உங்களுக்குச் சொன்னனானோ?"

"கேட்ட ஞாபகம்."

"நத்தார் நாடகம், குழந்தைப்பிள்ளையளைக் கொல்லச் சொல்லுற ராசா. பெட்டையளுக்குள்ளை எனக்குத்தான் குரல் பெரிசு எண்டு அந்த வேசம் தந்தவை. முன் வரிசையிலை இருந்த போதகரின்ரை கடைசிப் பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்து வீரிட்டுக் கத்தி, தூக்கிக்கொண்டு வெளியிலை போகவேண்டி வந்தது. அண்டைக்கு எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே!"

ஏர்னெஸ்ட் ஸ்கூட்டியின் எஞ்சினை நிறுத்தினார். "அப்ப புதுசா ஒரு சீன் எடு," என்றார். ஒரு கணக்குக்கு அடுத்த வரியைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

மறுநாள் காலை ஜெயதீபன் முதலில் தயங்கினான். "ரீல் எண்டால் ஏற்கனவே செய்ததைத்தானே அக்கா..."

"ஆர் தம்பி சட்டம் போட்டது?"

அவன் யோசித்தான். ஒருவரும் போடவில்லை. வெளிநாட்டில் ரீலுக்கென்றே காட்சி எடுத்துச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவனுக்கே தெரியும். சனிக்கிழமை காலை காங்கேசன்துறையில் அவனுக்கு வேறொரு வேலை இருந்தது. வாடகைக் கமரா கையில் இருக்கும். "ரெண்டு மணித்தியாலம் தாறன். காட்சியை நீங்களே எழுதிக்கொண்டு வாங்கோ."

அன்றும் வெள்ளிக்கிழமையும் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம், கண் பரிசோதனைத் துண்டுகளின் பின்பக்கத்தில் ரஞ்சினி எழுதினாள். ஒரு மனிசி இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிற புருசனை வழியனுப்ப வருகிறாள். வியாபார விசயமாகப் போகிறேன் என்கிறார் அவர். அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் சிரித்துக்கொண்டே வழியனுப்புகிறாள். அவ்வளவுதான் கதை. எழுதி முடித்து ஒரு தரம் வாசித்தாள். ஓடிப்போய் முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் நின்று, பல் தெரியாமல் ஒரு சிரிப்புச் சிரித்துப் பார்த்தாள். சரியாக வந்தது.

புருசன் வேடத்துக்கு ஏர்னெஸ்டைத் தவிர வேறு ஆள் இல்லை.

"நான் நடிக்கமாட்டன்," என்றார் அவர்.

"நடிக்கவேண்டாம். பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தைப் பார்த்தால் காணும். முதுகுதான் விழும்."

சனிக்கிழமை விடிந்ததும் தெல்லிப்பழை வழியாகக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். துறைமுக வாசலுக்குள் படம் எடுக்க முடியாது என்பதால், வெளியே கடல் தெரிகிற ஒரு றோட்டோரத்தை ஜெயதீபன் தெரிந்து வைத்திருந்தான். அன்றைக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வருகிற நாள். ஆட்களை ஏற்றிப்போக ஓட்டோக்களும் வான்களும் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. காட்சிக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி கிடையாது. அவன் றோட்டின் மறுகரையில், ஒரு வானுக்குப் பக்கத்தில் கமராவை வைத்தான். தூரத்திலிருந்து கிட்ட இழுத்துப் பிடிக்கிற லென்ஸ். மைக்கை ரஞ்சினியின் சேலை மடிப்புக்குள் ஒளித்தான். பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒரு புருசனும் மனிசியும் ஒரு சூட்கேசும் மட்டும்தான்.

முதல் தரம் ஏர்னெஸ்ட் கமராவைப் பார்த்துவிட்டார். இரண்டாம் தரம் சிரித்துவிட்டார். மூன்றாம் தரம் சரியாக நிலத்தைப் பார்த்தார்.

ரஞ்சினி அவருடைய சேட்டுக் கொலரைச் சரிசெய்தாள். அதே பல் தெரியாத சிரிப்பு.

"பிறசர்க் குளிசை வலப்பக்கம் கிடக்குது. மூண்டு சேட்டும் மடிச்சு வைச்சிருக்கிறன். உங்கடை மற்ற ஃபோன் அடியிலை கிடக்குது. ஏன் திடுக்கிடுறியள்? சார்ஜ் போட்டுத்தான் வைச்சனான். பாவம், அவ நேற்று ஏழு தரம் எடுத்தவ." ஒரு நூலை அவருடைய தோளிலிருந்து தட்டிவிட்டாள். "வீட்டுத் திறப்பைக் கொண்டுபோங்கோ, ஞாபகத்துக்கு இருக்கட்டும். பூட்டை நேற்றே மாத்திப்போட்டன்."

"தங்கச்சி, நீர் கொஞ்சம் விலகும்."

அது எழுதிய வசனமல்ல. குடை பிடித்தபடி ஒரு பெரிய உடம்புக்காரி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அறுபது வயதிருக்கும். கழுத்தில் செபமாலை. கப்பலில் வருகிற தன் தங்கைக்காகக் காத்து நின்றவள், பக்கத்தில் நடப்பதை முதல் தரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏன் ஐயா, உம்மடை வயசுக்கு உது சரியோ?" என்றாள் ஏர்னெஸ்டைப் பார்த்து. "தலை முழுக்க நரை! நானும் எவ்வளவு நேரமாப் பார்த்துக்கொண்டு நிக்கிறன். பொம்பிளை கொலரைச் சரிபண்ணி விடுறா, குளிசை வைச்சிருக்கிறன் எண்டுறா. நீர் ஒருக்கால் சிரிக்கிறீர், ஒருக்கால் பிராக்குப் பாக்கிறீர்!"

ஏர்னெஸ்ட் சூட்கேசை மறு கைக்கு மாற்றினார். "அம்மா, நான் வந்து... நான் கணக்கு மாஸ்டர்..."

"கணக்கு மாஸ்டரோ! பிள்ளையளுக்கும் உதைத்தான் படிப்பிக்கிறீரோ?"

ரஞ்சினியின் நெஞ்சு அடித்த அடியில் மைக்கே அதிர்ந்திருக்கும். றோட்டின் மறுபக்கம் ஜெயதீபன் கையை உயர்த்தவில்லை, நிறுத்தச் சொல்லவில்லை. கமரா ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். சொல்லாவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவளுக்கு இனித்தது.

அவள் அந்த மனிசியின் முழங்கையை மெல்லத் தொட்டாள்.

"விடுங்கோ அம்மா. கப்பலுக்கு நேரமாகுது, போகட்டும். இவர் விடுற குறட்டை அவவுக்கு இன்னும் தெரியாது. ரெண்டு நாளிலை அவவே கப்பலேத்தி விடுவா."

குடைக்காரி ஒரு கணம் விழித்துப் பார்த்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். ரஞ்சினியும் சிரித்தாள், இந்த முறை பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து. சிரித்துக்கொண்டே சூட்கேசைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு எங்கே முடிந்து வேறொன்று எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் கண் மட்டும் இருபது வருடத்தைக் கணக்குப் பார்த்து முடித்தது போல வெறுமையாக நின்றது.

"வெயிலுக்கை நிக்காதையும். குடைக்குள்ளை வாரும் பிள்ளை," என்றாள் அந்த மனிசி. அவளே ரஞ்சினியின் தோளில் கையைப் போட்டு நடத்திக்கொண்டு போனாள். ஒரு குடையும் இரண்டு பெண்களும் கடற்கரைப் பக்கமாகப் போக, ஏர்னெஸ்ட் சூட்கேசோடு தனியே நின்றார்.

"கட்! கட்! கட்!" என்று கத்திக்கொண்டு ஜெயதீபன் றோட்டைக் கடந்து ஓடிவந்தான். ஒரு ஓட்டோ கோர்ன் அடித்து விலகியது. அவனுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா... அக்கா... எல்லாம் விழுந்திட்டுது!"

நடந்ததை விளங்கப்படுத்தியபோது அந்த மனிசிக்கு முதலில் நல்ல கோபம் வந்தது. பெயர் லூர்த்தம்மா, மயிலிட்டியில் கருவாடு போடுகிறவள். "என்னை வைச்சு விளையாடினீங்களோ?" என்று குடையை மடக்கினாள். ரஞ்சினி அவளுடைய இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். வேண்டாமென்றால் இப்போதே அழித்துவிடுகிறோம் என்றாள். லூர்த்தம்மா கமராவின் சின்னத் திரையில் தன்னைப் பார்த்தாள். இன்னொரு தரம் போடச் சொல்லிப் பார்த்தாள்.

"என்ரை முகம் வடிவா விழுந்திருக்குது என்ன?"

"நல்ல வடிவு அம்மா."

"அப்ப ஏன் அழிப்பான்?" என்றவள், கைபேசி இலக்கத்தைத் தானே சொல்லி ஜெயதீபனை எழுத வைத்தாள். போகமுன் ஏர்னெஸ்டிடம், "குறை நினையாதையும் மாஸ்டர்" என்றாள். அவர் அப்போதுதான் சூட்கேசைக் கீழே வைத்தார்.

மாலையில் பிரசாந்தியின் மேல்மாடியில் பெரிய இழுபறி. அழுகையில் ஒன்றே ஒன்றுதான் வைப்பது என்று முடிவாயிற்று. எதை என்பதில் சண்டை. பஸ்ஸின் பின்னால் ஓடுவது நல்லது என்றாள் பிரசாந்தி. அரிசி களைவதுதான் என்று ரஞ்சினி பிடிவாதமாக நின்றாள். "அதிலை நான் அழுறது எனக்கே தெரியாமல் அழுறன், பார்." ஏழு செக்கன் அதற்குக் கொடுத்தார்கள். அடுத்து, அந்தத் தடித்த கறுப்புச் சட்டத்தைப் போட்டு, முதல் நாள் கடையில் வைத்துக் கைபேசியில் புதிதாக எடுத்த தபாலதிபரின் பார்வை. மிச்சம் எல்லாம் காங்கேசன்துறை. முழுவதையும் ஓடவிட்டபோது ஏர்னெஸ்ட் ஸ்டொப்வோச்சை அமர்த்தினார்.

"ரெண்டு நிமிசம் நாலு செக்கன்."

"நாலு செக்கன்தானே மாஸ்டர்!"

"ரெண்டு எண்டால் ரெண்டு."

வெட்டப்பட்டது, கடற்காற்றில் ரஞ்சினியின் தலைமயிர் பறந்து, அவள் மிக அழகாக இருந்த நாலு செக்கன். ரஞ்சினியே பல்லைக் கடித்துக்கொண்டு "வெட்டு" என்றாள். நிறம் சரிபார்த்து ஞாயிறு காலை அனுப்புவோம் என்று பிரசாந்தி சொல்ல, வீட்டுக்குப் போனார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்து கைபேசியைப் பார்த்தால், பிரசாந்தியிடமிருந்து ஆறு அழைப்பு. நேரம் பத்தேகால்.

"அக்கா, காலமை எட்டிலை இருந்து பின்னேரம் அஞ்சு மட்டும் எங்கடை பக்கம் கரண்ட் இல்லை. போன கிழமையே அறிவிச்சவை, நான் மறந்துபோனன். வீடியோ இன்னும் கொம்பியூட்டருக்குள்ளைதான் கிடக்குது. நான் கலியாண வேலையிலை மண்டபத்திலை நிக்கிறன்."

"மண்டபத்திலை கரண்ட்?"

"ஜெனரேற்றர் ஓடுது."

அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் திறப்பு வாங்கி, ஏர்னெஸ்ட் வயர்களைக் கழற்ற, கொம்பியூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரஞ்சினி ஓட்டோவில் ஏறினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் பிள்ளையை அணைப்பது போல அதை அணைத்தாள். திரையைத் தூக்கிக்கொண்டு ஏர்னெஸ்ட் பக்கத்தில்.

மண்டப வாசலில் பன்னீர் தெளித்தார்கள். கோயிலுக்கு உடுத்த பட்டுச்சேலை, ஒருவரும் சந்தேகப்படவில்லை. "நீங்கள் மாப்பிளை பகுதியோ?" என்று ஒரு பெரியம்மா கேட்டாள்.

"ஓம், மாப்பிளையின்ரை சின்னம்மா முறை," என்றாள் ரஞ்சினி கண்ணிமைக்காமல். "உவர் பாட்டுப்போடுற ஆள். கொஞ்சம் வழி விடுங்கோ, நேரம் போட்டுது."

வழி விட்டார்கள். வாழையிலைக் கட்டுகளும் சோடாப் பெட்டிகளும் அடுக்கியிருந்த ஒரு பக்கத்து அறையில் வயர்களைப் பூட்டிக் கொம்பியூட்டரைப் போட்டார்கள். பிரசாந்தி மணவறைக்கும் அறைக்கும் இடையே ஓடினாள். வீடியோ எவ்வளவு உருவாகிவிட்டது என்று காட்டுகிற பச்சைக் கோடு திரையில் நகரத் தொடங்கியது. முப்பது வீதம். நாற்பது. வெளியே கெட்டிமேளம் முழங்க, ஒரு கணம் லைட் மங்கியது. ரஞ்சினி "யேசுவே" என்றாள். லைட் நிமிர்ந்தது. கோடு நிற்கவில்லை.

பதினொன்று முப்பத்தைந்துக்கு வீடியோ தயாராகி ரஞ்சினியின் கைபேசிக்கு ஏறியது. ஆனால் கூட்டத்துக்குள் கைபேசிச் சிக்னல் ஊர்ந்தது. கையில் செருப்போடு ரஞ்சினி மண்டபத்தின் மொட்டைமாடிக்கு ஏறினாள். பின்னால் பிரசாந்தி, அதற்குப் பின்னால் மூச்சு வாங்க ஏர்னெஸ்ட். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று கைபேசியை உயர்த்திப் பிடித்தார்கள். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு 'அனுப்பப்பட்டது' என்று வந்தது.

மூவரும் மாடியில் குதித்தார்கள். கணக்கு மாஸ்டரும் குதித்தார். பிறகு கீழே போய், மாப்பிளையின் சின்னம்மாவுக்குரிய மரியாதையோடு பந்தியில் இருத்தப்பட்டு, இரண்டாம் தரம் பாயாசம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஒன்பது நாள் ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள் கடையில் நிற்கும்போது கொழும்பு இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு. பேசியது ஒரு பெண். நடிகர்களைத் தெரிவு செய்கிறவள்.

"உங்கட ரீல் பார்த்தோம். குடையோட வாற அந்த அம்மா எந்த நாடகக் குழு?"

ரஞ்சினி கையில் இருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள். இவ்வளவு ஓடியும் அவர்கள் கண்ணில் பட்டது குடைதானா? இருந்தாலும் பொய் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"அப்ப அது நடிப்பில்லையா?"

"அவவின்ரை பக்கத்தாலை இல்லை. என்ரை பக்கத்தாலை முழுக்க நடிப்புத்தான்."

"குறட்டைக் கதை?"

"அந்த இடத்திலை வாயிலை வந்தது."

இப்போது அந்தப் பெண் சிரித்தாள். "ரஞ்சினி, எங்கட தொடர்ல ஒரு விடுதி நடத்துற பொம்பிள இருக்கிறா. இனிக்க இனிக்கக் கதைச்சு எல்லாரையும் சுத்தி விடுவா. எட்டுப் பாகத்துல ஆறுல வருவா. வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்துக்கு வாறம். வந்து செய்து காட்டுவீங்களா?"

கடையில் நாலு பேர் நிற்கிறார்கள் என்பதையும் மறந்து ரஞ்சினி "ஓம்" என்று கத்தினாள். தூரப்பார்வை சோதித்துக்கொண்டிருந்த ஒருவர் பயந்து எழுத்தைப் பிழையாக வாசித்தார்.

வெள்ளிக்கிழமை செய்து காட்டினாள். அவர்கள் மூன்று தரம் மூன்று விதமாகச் செய்யச் சொன்னார்கள்; நாலாவது விதம் ஒன்றையும் தானாகச் செய்து காட்டினாள். அங்கேயே வைத்து வேடம் உறுதியாயிற்று. லூர்த்தம்மாவையும் அழைத்தார்கள். எழுதித் தருவதைப் பாடமாக்கமாட்டேன், நான் நினைச்சதைத்தான் கதைப்பேன் என்று அவள் நிபந்தனை போட்டாள். ஒரு சந்தைக் காட்சிக்கு அதுவே போதும் என்று சம்மதித்தார்கள்.

ஆவணி மாதம் வட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல்வீட்டை விடுதியாக மாற்றிப் படப்பிடிப்பு தொடங்கியது. கடை முதலாளி பதினெட்டு நாள் லீவு கொடுத்தார். திரையில் அவள் போடுகிற கண்ணாடி தன் கடையுடையதாக இருக்கவேண்டும் என்பது மட்டும் அவருடைய ஆசை. முதல் நாள் வேலை மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஏர்னெஸ்ட் மதிலடியில் ஸ்கூட்டியோடு காத்து நின்றார். ரஞ்சினி முகப்பூச்சைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து பின்னால் ஏறினாள்.

"எப்பிடி?" என்று கேட்டார்.

"மெல்லமா ஓடுங்கோ," என்றாள் அவள். "காலமை வானாலை இறங்கினதிலை இருந்து ஒண்டும் விடாமல் சொல்லப்போறன். வீடு வர முன்னம் முடியாட்டில், ஒழுங்கையைச் சுத்தி இன்னொருக்கால் ஓடுங்கோ."

ஏர்னெஸ்ட் ஒழுங்கையை மூன்று தரம் சுற்றினார்.